கமிஷனர் கைக்குழந்தை ஆன மத்தியானம்

அண்ணா, நீங்க இன்னிக்கு வயிறு வலிக்கச் சிரிக்கப் போறீங்க. நான் கேரண்டி. ஆனா இப்ப இல்ல. இப்பவே சொல்லிட்டா ருசி போயிடும், கொஞ்சம் ஊறணும். நீங்க பாட்டுக்கு அந்தப் பூனைக் கூடையை மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. பூனை ஏன் என்னை அப்படி முறைக்குது? சரி, அதுவும் கேக்கட்டும். எப்படியும் டாக்டர் மேடம் அந்தக் கதவைத் திறக்கிற வரைக்கும் நம்ம யாரும் எங்கேயும் போகப்போறதில்ல.

என் பேரு மிருதுளா. ப்ளஸ் டூ போகப்போறேன். எனக்கு ஒரு வியாதி இருக்கு. யார் குரலைக் கேட்டாலும் அது என் வாயில ஒட்டிக்கும். இங்க உள்ள நுழையும்போது கம்பவுண்டர் ஒருத்தர் கூப்பிட்டாரே, கவனிச்சீங்களா? இருங்க. 'ஊசிக்கு வந்தவங்க யாரும்மா, உள்ள வாங்க!'

அய்யய்யோ, அந்த ஆன்ட்டி பக் நாயைத் தூக்கிட்டு எந்திரிச்சுட்டாங்க. உக்காருங்க ஆன்ட்டி, உக்காருங்க, சும்மா! என்னைப் பார்க்காதீங்க, இந்தப் பூனை அண்ணாதான் சொல்லச் சொன்னாரு!

சிரிக்கிறீங்க பாத்தீங்களா. இது கணக்குல வராது. நான் சொன்ன சிரிப்பு பெருசு. எங்க அபார்ட்மெண்ட் செகரட்டரியை இன்னிக்கு நான் ஏமாத்தினேன் அண்ணா. தணிகாசலம் அங்கிள். மின்சார வாரியத்துல என்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்க காம்பவுண்டுக்குள்ள அவருக்குத் தெரியாம ஒரு காக்கா உக்கார முடியாது. அப்பேர்ப்பட்டவரை, இருட்டு லிஃப்ட்டுக்குள்ள, மூக்குக்கு நேரா வச்சு ஏமாத்தினேன். அதைத்தான் சொல்ல வரேன். ஆனா அதுக்கு முதல்ல கமிஷனரைத் தெரிஞ்சுக்கணும்.

கமிஷனர்னா போலீஸ் இல்ல. எங்க பொமரேனியன். உள்ள ஆக்ஸிஜன் கூண்டுல இருக்கிறது அவன்தான். வீட்டுக்கு யாரு வந்தாலும் வாசல்லயே நிறுத்தி விசாரிப்பான், அதனால அப்பா வச்ச பேரு. போன வருஷத்துலேருந்து ஒரு இருமல். இருமல்னா நாய் இருமல் இல்ல, வாத்து கத்துற மாதிரி. 'ஹாங்க்... ஹாங்க்... ஹாங்க்.' எலும்பு மாட்டிக்கிச்சுன்னு அம்மா வாழைப்பழம் ஊட்டினாங்க. அப்பா ஜலதோஷம்னு சொல்லி எதுக்கும் ஒரு கோட்டு வாங்கிப் போட்டாரு. சென்னை வெயில்ல, கோட்டு!

இங்க கூட்டிட்டு வந்தா, டாக்டர் மேடம் முன்னாடி நம்ம கமிஷனர் துரை ஒரு தடவகூட இருமலை. சிரிச்ச முகமா வாலை ஆட்டிக்கிட்டு நிக்கிறான். 'எப்படி இருமுவான்?'னு கேட்டாங்க. அம்மா, 'ஒரு மாதிரி இருமுவான் மேடம்'ங்கிறாங்க. ஒரு மாதிரின்னா என்ன மாதிரி? அப்பத்தான் நான் இருமிக் காட்டினேன். மேடம் பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. 'இன்னொரு தடவ செய்.' செய்தேன். 'பரபரப்பானா அதிகமாகுதா? கழுத்துப்பட்டை இழுத்தா வருதா? தண்ணி குடிச்சா?' எல்லாத்துக்கும் ஆமா. அவன் கழுத்துல மூச்சுக்குழாய் இருக்கிற இடத்தை மெதுவா ஒரு விரலால அழுத்தினாங்க. அவ்வளவுதான், வாத்து வந்துடுச்சு. ரெண்டு வாத்தும் சேர்ந்து கத்தினோம்.

அப்புறம் எக்ஸ்ரே. மூச்சை உள்ள இழுக்கும்போது ஒண்ணு, வெளிய விடும்போது ஒண்ணு. ரெண்டையும் வெளிச்சத்துல மாட்டி மேடம் சொன்னாங்க. இருங்க, அவங்க குரல் இப்படி, மெல்லிசா, தூங்க வைக்கிற மாதிரி: 'பேப்பர் ஸ்ட்ரா போட்டு ரோஸ்மில்க் குடிச்சிருக்கியா? பாதி குடிச்சதும் ஊறிப்போய், உறிஞ்சினா ஸ்ட்ரா சப்பையா ஒட்டிக்கும் இல்ல? இவன் மூச்சுக்குழாய் அப்படி ஆயிடுச்சு. குழாயைத் தாங்குற வளையம் எல்லாம் தளர்ந்துபோச்சு. வேகமா இழுக்க இழுக்க இன்னும் ஒட்டும்.'

அன்னிக்கே கழுத்துப்பட்டை போச்சு, நெஞ்சோட மாட்டுற வார் வந்துச்சு. இருமலுக்கு மருந்து. எடை குறைக்கணும். வெயில் கூடாது, கத்தக் கூடாது, யாரும் அவனைப் பரபரப்பாக்கக் கூடாது. யாரை? கமிஷனரை! காலிங் பெல் அடிச்சா கேஸ் போடுறவனை!

இதுல கூத்து என்னன்னா, அதே சமயம் எங்க சுகந்தி அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தா. ஆதன் பொறந்தான். ரெண்டாவது மாசம், அவனும் மூச்சு விடும்போது கர்ருனு ஒரு சத்தம். அழுதா இருமல். அம்மா என் முதுகுல ஒண்ணு வச்சாங்க, 'பச்சைக் குழந்தை பக்கத்துல நாய் மாதிரி பண்ணாதடி'ன்னு. நான் பண்ணவே இல்ல அண்ணா! சத்தியமா! அடுத்த தடவ நான் வாய் நிறைய இட்லியோட நிக்கும்போது அவன் கத்தினான். அப்பத்தான் நம்பினாங்க.

அவனுக்கு வேற ஆஸ்பத்திரி, குழந்தைங்க டாக்டர். மூக்கு வழியா நூல் மாதிரி ஒரு கேமராக் குழாயை விட்டு, அவன் தானா மூச்சு விடும்போதே பார்த்தாங்க. மூச்சு வெளிய போகும்போது இவனுக்கும் குழாய் சப்பையாகுதாம். அக்கா அங்கேயே தரையில உக்காந்துட்டா. ஆனா டாக்டர், 'பயப்படாதீங்கம்மா, இவனுக்கு வளையம் இன்னும் கெட்டிப்படலை, அவ்வளவுதான். வளர வளர கெட்டிப்பட்டுடும். ரெண்டு வயசுல ஓடிப்பிடிச்சு விளையாடுவான். அதுவரைக்கும் பார்த்துக்கணும், சளி பிடிக்காம, ரொம்ப அழவிடாம'ன்னாரு.

நான் இங்க வந்து மேடம்கிட்ட கேட்டேன், அப்ப கமிஷனருக்கும் கெட்டிப்படும்தானேன்னு. மேடம், 'இவனுக்கு இனிமே கெட்டிப்படாதுடா'ன்னாங்க. அதை மட்டும் நான் யார்கிட்டயும் அவங்க குரல்ல செஞ்சு காட்டினதில்ல.

விடுங்க. சிரிப்புக்கு வரேன். வந்துட்டே இருக்கேன்.

எங்க அபார்ட்மெண்ட்ல ரெண்டு லிஃப்ட். முன் லிஃப்ட் மனுஷங்களுக்கு, பின் லிஃப்ட் நாய்ங்களுக்கும் பால்காரருக்கும். பின் லிஃப்ட் பொங்கல்லேருந்து ரிப்பேர். முன் லிஃப்ட்ல ஒரு நோட்டீஸ். அதை செகரட்டரி குரல்லதான் படிக்கணும், ஒரு செருமலோட: 'ஹ்ஹும். அன்பார்ந்த குடியிருப்போரே. வளர்ப்புப் பிராணிகளை இந்த மின்தூக்கியில் ஏற்றுவது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது. புரிஞ்சுதா இல்லையா.' கடைசி வரி நோட்டீஸ்ல இல்ல. ஆனா அவரு எதைப் பேசினாலும் அது வந்துடும்.

நாங்க பதினோராவது மாடி.

இன்னிக்குக் காலையில அம்மாவும் அக்காவும் ஆதனைத் தூக்கிட்டு அவன் செக்கப்புக்குப் போயிட்டாங்க. அப்பா ஆபீஸ். நானும் கமிஷனரும்தான். மத்தியானம் ஏசி நின்னுபோச்சு, வோல்ட்டேஜ் பத்தலை. அந்த நேரம் பார்த்து கூரியர்காரன் பெல் அடிக்கிறான். ஒரு தடவ இல்ல, விளையாட்டுக்கு அடிக்கிற மாதிரி அடிக்கிறான். கமிஷனர் குரைச்சான். குரைச்சது வாத்தாச்சு. வாத்து நிக்கவே இல்ல. கழுத்தை நீட்டிக்கிட்டு, முன்னங்காலை அகட்டி நின்னுக்கிட்டு, காத்தைக் கடிக்கிற மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுறான். நாக்கைப் பார்த்தேன். நாவல்பழம் தின்ன மாதிரி இருந்துச்சு.

மேடத்துக்குப் போன் போட்டேன். 'தூக்கிட்டு வா. குலுக்காதே, கத்தவிடாதே, சூடு படவிடாதே.' பதினோரு மாடி படியில குலுக்காம எப்படி இறங்குறது? போன மாசம் அப்படித்தான் தூக்கிட்டு இறங்கினோம், பாதி வழியிலேயே மோசமாயிட்டான். எங்க படிக்கட்டுல ஜன்னல்கூட கிடையாது, அடுப்புக்குள்ள இறங்குற மாதிரி.

அப்பத்தான் கொடியில ஆதனோட டவலைப் பார்த்தேன். பக்கத்துலயே அவனோட கரடிக்காதுத் தொப்பி.

இப்பவே சிரிக்காதீங்க! சொன்னேன்ல, இன்னும் இருக்கு.

டவல்ல சுத்தினேன், தளர்வாத்தான். தொப்பி மாட்டினேன். முகத்து மேல மெல்லிசா ஒரு வெள்ளைத் துணி. வாலை மடிச்சு உள்ள விட்டேன். தோள்ல சாய்ச்சுக்கிட்டா, அசல் கைக்குழந்தை. லிஃப்ட் வந்துச்சு, காலி. உள்ள போனேன். எட்டாவது மாடியில நின்னுச்சு. கதவு திறக்குது. யாரு? 'ஹ்ஹும்.'

செகரட்டரி அங்கிள் உள்ள வந்துட்டாரு. ஒரு கையில குடை, ஒரு கையில தண்ணி பாட்டில், கண்ணுல கண்ணாடி, சட்டைப் பையில மூணு பேனா. 'என்னம்மா, குழந்தையா?' 'ஆமா அங்கிள், தூங்குறான்.' கதவு மூடிச்சு. ஏழு, ஆறு, அஞ்சு. படக்குனு கரண்ட் போச்சு.

அண்ணா, நீங்க இருட்டு லிஃப்ட்ல மாட்டியிருக்கீங்களா? ஃபேன் நிக்கும் பாருங்க, அந்தச் சத்தம் நின்னதும் காதுக்குள்ள நம்ம ரத்தம் ஓடுறது கேக்கும். எனக்குக் கேட்டது கமிஷனர் மூச்சு. என் உள்ளங்கை அவன் நெஞ்சு மேல இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் விலா உள்ள போய் ஒட்டிக்குது, வரமாட்டேங்குது, அப்புறம் ஒரு இழுப்பு. கதவு எந்தப் பக்கம்னுகூடத் தெரியலை. போறதுக்கு வழி இல்ல, குடுக்கிறதுக்குக் காத்து இல்ல.

அங்கிள் என்ன பண்றாரு? குடையால கதவை அடிக்கிறாரு. டமார் டமார்னு. 'குமாரசாமி! யாருய்யா அங்கே! குமாரசாமி!' ஒவ்வொரு அடிக்கும் டவலுக்குள்ள ஒரு துள்ளல். குரைக்கணும்னு துடிக்கிறான், கமிஷனர் ஆச்சே, அடிக்கிற கதவை விசாரிக்காம இருப்பானா? 'ஹாங்க்... ஹாங்க்.'

அடி நின்னுச்சு. 'என்னம்மா சத்தம் அது?'

அந்த ஒரு நொடியில என் மூளை வேலை செஞ்சுச்சு பாருங்க. 'அங்கிள், குழந்தைக்கு மூச்சுக்குழாய் பிரச்சனை. பிறவியிலேயே வளையம் கெட்டிப்படலை. பயந்தா குழாய் ஒட்டிக்கும், நீலமாயிடுவான். தயவுசெஞ்சு தட்டாதீங்க, கத்தாதீங்க.' ஒரு வார்த்தை பொய் உண்டா? எல்லாம் ஆதனோட நிஜம். ஆள்தான் வேற. அதோட சேர்த்து, ஆதன் தூக்கத்துல சிணுங்குவானே, 'ங்ஙே... ங்ங்', அதையும் மெல்லமா எடுத்துவிட்டேன்.

அங்கிள் போன்ல டார்ச் அடிச்சாரு. அய்யோ, செத்தேன்னு நினைச்சேன். வெளிச்சம் நேரா டவல் மேல விழுந்துச்சு. உடனே அணைச்சுட்டாரு. 'சார்ஜ் போயிடும்'ங்கிறாரு. கஞ்சன் அண்ணா! அந்தக் கஞ்சத்தனம்தான் என்னைக் காப்பாத்துச்சு.

அப்புறம் வாட்ச்மேனுக்குப் போன் போட்டாரு. ஆனா பாருங்க, ரகசியம் பேசுற மாதிரிக் குசுகுசுன்னு. 'குமாரசாமி, ஜெனரேட்டர் போடுய்யா.' அந்தப் பக்கத்துலேருந்து, 'டீசல் இல்ல சார்.' 'ஏன் வாங்கலை?' 'நீங்க கையெழுத்துப் போடலையே சார்.' இவரு, 'ஹ்ஹும்... சரி, லிஃப்ட்டைக் கைப்பிடி போட்டுச் சுத்தி இறக்க முடியுமா பாரு. முடியாட்டி கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டு என் பேரைச் சொல்லு. சத்தம் போடாம செய்.' சத்தம் போடாம! நான் சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டாரு, பாவம்.

கமிஷனருக்கு என் குரல்ல நம்பிக்கை கிடையாது. எத்தனை தடவ ஏமாத்தியிருப்பேன்! பக்கத்து வீட்டு ராட்வீலர் குரல்லகூட கூப்பிட்டிருக்கேன். அவன் அடங்குறது அம்மா குரலுக்கு மட்டும்தான். அதனால வெக்கத்தை விட்டுட்டு, அந்த இருட்டுல, அம்மாவாப் பேசினேன். 'என் செல்லக்குட்டி, என் வெல்லக்கட்டி, அம்மா இருக்கேன்டா, ஒண்ணுமில்லடா, மெதுவா, மெதுவா...' விலா கொஞ்சம் நிதானமாச்சு. வாய் தவறி 'கமிஷனர்'னு சொல்லிட்டேன். டவலுக்குள்ள வால் தட்டுது, பட் பட் பட்னு. அங்கிள், 'என்னம்மா அது?' 'காலை உதைக்கிறான் அங்கிள்.' 'நல்லது. உதைக்கட்டும்'னாரு.

'அக்கா எங்கேம்மா?' 'ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா அங்கிள்.' 'ஆமா, காலையில பார்த்தேன், தோள்ல எதையோ தூக்கிட்டுப் போனா.' எனக்கு வேர்த்துடுச்சு. 'அது... துணி மூட்டை அங்கிள்.' 'ஓஹோ, துணி மூட்டையா'ன்னாரு. அதோட விட்டாரு. இவ்வளவு அப்பாவியா இருந்தா எப்படி அண்ணா ஒரு அபார்ட்மெண்ட்டை நடத்துறது?

அப்புறம் தூக்கித் தூக்கி எனக்குக் கை கடுக்க ஆரம்பிச்சுடுச்சு. சும்மா சொல்லக்கூடாது, அழுகையும் வந்துடுச்சு. எந்தக் குரல்ல அழுதேன்னு எனக்கே தெரியலை, என்னோடதாத்தான் இருக்கும். அங்கிள், 'குடும்மா, நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன், நீ உக்காரு'ன்னாரு. இருட்டுல குடுத்துட்டேன்! நாயை! நோட்டீஸ் ஒட்டின கையிலேயே! ரெண்டு கையிலயும் வாங்கி, தோள்ல சாய்க்காம, முன்கையில குப்புற நீட்டிப் படுக்க வச்சுக்கிட்டாரு. 'கழுத்து மடங்காம இருந்தாத்தான் மூச்சு வரும்'னாரு. டவலை நடுவுல பிரிச்சுவிட்டாரு. 'இவ்வளவு கனமா சுத்தக் கூடாதும்மா.' கைக்குட்டையைத் தண்ணி பாட்டில்ல நனைச்சு, 'பாதத்துல ஒத்தி எடு'ன்னாரு. ஒத்தினேன், நாலுலயும். குடையை விரிச்சு மூடி விரிச்சு மூடி காத்து வேற வரவச்சாரு. எப்பேர்ப்பட்ட ஐடியா!

அப்ப ஒண்ணு சொன்னாரு. அதுக்குச் சிரிக்க முடியாது அண்ணா. 'எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருந்தான்மா. இதே சத்தம். வாத்து மாதிரி. பதிமூணு வயசு வரைக்கும் இருந்தான். ஒரு மே மாசம்தான்...' பதிமூணு வயசுப் பையன்! எங்க யாருக்குமே தெரியாது. அங்கிளுக்கும் அவரு வீட்டு ஆன்ட்டிக்கும் ஒரு பொண்ணு மட்டும்தான்னு நினைச்சிருந்தோம். அப்படிப்பட்டவரைப் போய் ஏமாத்துறோமேன்னு வாய் வரைக்கும் உண்மை வந்துடுச்சு. ஆனா அவரு கையில கமிஷனர் அமைதியா இருந்தான். அதைக் கெடுக்க மனசு வரலை.

கரண்ட் வந்துச்சு. பளிச்சுனு வெளிச்சம். போச்சு, மாட்டினோம்னு கண்ணை இறுக்க மூடிட்டேன். திறந்து பார்த்தா, டவலோட கமிஷனர் என் மடியில இருக்கான், அங்கிள் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னு கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருக்காரு! அதிர்ஷ்டம்னா இதுதான் அண்ணா! கீழ வர்ற வரைக்கும் துடைச்சாரு.

கீழ கதவு திறந்தா, ட்ரெஷரர் ஆன்ட்டி நிக்கிறாங்க. நாய் நோட்டீசுக்கு மீட்டிங்ல மேஜையைத் தட்டினதே அவங்கதான். 'என்ன சார், என்னமோ நாய் சத்தம் கேட்டுச்சாமே உள்ள?' அங்கிள் குடையை விரிச்சு எனக்கும் அவங்களுக்கும் நடுவுல பிடிச்சாரு. 'ஹ்ஹும். அது நான் இருமினது. குழந்தைக்கு உடம்பு சரியில்ல, வழி விடுங்க.' அவரே எனக்காகப் பொய் சொல்றாரு, குழந்தைன்னு நம்பி! ஆட்டோகூட அவரேதான் நிறுத்தினாரு.

ஒரு நிமிஷம், கதவு திறக்குது. நர்ஸ் அக்கா, எப்படி இருக்கான்? என்ன? நிஜமாவா? ரோஸ் ஆயிடுச்சா? மருந்துல தூங்குறானா? மேடம் கூப்பிடுறப்ப வரவா? சரிக்கா. சரி.

அண்ணா, நாக்கு ரோஸ் ஆயிடுச்சாம். இனி நல்லா மூச்சு வந்த பிறகு கேமரா விட்டுப் பார்த்து, மூச்சுக்குழாய்க்குள்ள ஸ்டென்ட்டுன்னு ஒரு வலைக்குழாய் வைக்கணுமான்னு சொல்லுவாங்களாம். இருங்க, மூக்கைச் சிந்திக்கிறேன். பூனைக் கூடையில இருக்கிற அந்தத் துண்டைக் குடுக்கிறீங்களா? நன்றி.

இப்பச் சிரிக்கலாம். இப்பத்தான் கிளைமாக்ஸ். ஆட்டோ கிளம்புது. அங்கிள் தலையை உள்ள விட்டு, அப்படியே அவரோட நோட்டீஸ் குரல்ல எனக்கு உத்தரவு போடுறாரு. கண்ணை மூடிக்கோங்க, அவரே பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கும். ரெடியா?

'ஹ்ஹும். முகத்துத் துணியை எடுத்துடும்மா, காத்து படட்டும். நாக்கு வெளிய தொங்கினா தொங்கட்டும், உள்ள தள்ளாதே. புரிஞ்சுதா இல்லையா.'

எப்படி? அச்சு அசல் இல்ல? அந்தச் செருமல்கூட... ஏன் அண்ணா அப்படிப் பார்க்குறீங்க? குரல் சரியா வரலையா? இன்னொரு தடவ செய்றேன், கேளுங்க. 'நாக்கு வெளிய தொங்கினா தொங்கட்டும், உள்ள...'

உள்ள...

அண்ணா.

கைக்குழந்தைக்கு எங்கேயாவது நாக்கு வெளிய தொங்குமா? அப்ப அந்தப் பதிமூணு வயசுக்காரனும்... நாயா?

சிரிக்காதீங்க அண்ணா. சிரிக்காதீங்கன்னு சொல்றேன்ல! அடப்பாவி அங்கிள்!